கடல்பாசி வைத்துச் சோதித்த கார்

கொழும்பு வெள்ளவத்தையில் செம்மஞ்சள் நிறச் சின்னக் கார் ஒன்று உறுமிக்கொண்டு காலி வீதி என்ற பெருந்தெருவைக் கடந்தால், உள்ளே ஒரு வாலிபன் இருப்பதாகத்தான் பஸ் தரிப்பில் நிற்பவர்கள் நினைப்பார்கள். ஓட்டுவது டிலக்ஷி. வயது முப்பத்தெட்டு. தொழில் கலியாணக் கேக் செய்வது.

ஒன்பது வருடம் காப்புறுதி அலுவலகமொன்றில் தொலைபேசிக்குப் பதில் சொன்னவர். ஊரடங்குக் காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவர்களுக்குப் பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கத் தொடங்கி, அது கைவிட்டுப் போகாத தொழிலாகிவிட்டது. கார் அதற்குப் பிறகு வந்தது. சித்தியின் மகன் மிதுஷன் மெல்பேர்னுக்குப் போகும்போது, வாங்கிய விலைக்கே அக்காவிடம் விட்டுப் போனான். வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்று போயிருந்த நேரம் அது. பழைய கார்களுக்கே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். டிலக்ஷிக்கு அது அதிர்ஷ்டம்.

அதிர்ஷ்டத்தில் ஒரு குறை இருந்தது. மிதுஷன் காரை நிலத்தோடு ஒட்டப் பதித்து வைத்திருந்தான். குட்டை ஸ்பிரிங், பதினேழு அங்குல றிம், அதைச் சுற்றித் தோசைத் தடிப்பில் டயர். வீதியில் ஒரு நாணயம் கிடந்தால் அது எந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறது என்று இருக்கையில் இருந்தே சொல்லிவிடலாம். ஆனால் கடலோர மரைன் டிரைவில் காலையில் ஒரு தரம் கியரை இறக்கி மிதித்தால், அது பாயும் பாய்ச்சலுக்கு வேறு எதுவும் ஈடில்லை. டிலக்ஷி அந்தப் பாய்ச்சலுக்காகவே முட்டை வாங்கத் தெஹிவளை வரை போவார்.

கொழும்பில் பெரும்பாலான கலியாணக் கேக் உண்மையில் கேக் இல்லை. ரெஜிஃபோம் என்ற வெள்ளை நுரைப்பலகைத் தட்டுகளுக்கு மேலே ஐசிங் பூசி ஐந்து தட்டு, ஏழு தட்டு என்று நிற்க வைப்பார்கள். ஸ்ட்ரக்சர் என்று பெயர். கத்தி வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு துண்டு கேக் இருக்கும். வந்தவர்களுக்குச் சின்னப் பெட்டியில் வேறு கேக் கிடைக்கும். ஸ்ட்ரக்சரை லொறியில் ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது. டிலக்ஷி அப்படிச் செய்வதில்லை. அவருடைய கேக் அடி முதல் நுனி வரை கேக். அதனால்தான் அவரைத் தேடி வருகிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு பயணமும் ஒரு பரீட்சை.

பெப்ரவரியில் அந்தப் பரீட்சையில் அவர் தோற்றார். இரண்டு தட்டுக் கேக் ஒன்று மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குறுக்கே வெடித்திருந்தது. வெடிப்பின் மேல் ரோசாப்பூவை வரிசையாகக் குத்தி மறைத்தார். பார்த்தவர்கள் பூ அலங்காரம் அழகு என்றார்கள்.

அன்று பின்னிருக்கையில் கேக் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் கணவர் உமாசுதன். கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை. சாதுவான மனிதர். இறங்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு இறங்கினார்.

“எனக்கே இடுப்பு கழண்டு போச்சு. கேக் பாவம், அது என்னப்பா செய்யும்?” என்றார். பிறகு, வீட்டுக்கு வந்து, மெதுவாகச் சொன்னார்: “தெமட்டகொடையில ஒருத்தர் காரை நல்ல விலைக்குக் கேக்கிறார். குடுத்திட்டு ஒரு குட்டி வேன் எடுப்பம்.”

“வேனோ?”

“வேன் எண்டா என்ன, பேயோ?”

அடுத்த வாரம் கொட்டாஞ்சேனையில் இருந்து நேசம் என்ற அம்மா வந்தார். மகளுக்குக் கலியாணம். நகைக்கடைக்குப் போவதுபோல் இரண்டு சகோதரிகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“எனக்கு ஸ்ட்ரக்சர் வேண்டாம் பிள்ளை. முழுக்கக் கேக்கா இருக்கவேணும்.”

“மூண்டு தட்டுமோ அன்ரி?”

“மூண்டும். போன மாசம் ஒரு கலியாணத்தில மாப்பிள்ளை கத்தியைக் கொஞ்சம் தள்ளி வைச்சு அமத்திப்போட்டார். கிறீச்செண்டு ஒரு சத்தம். சபையே பல்லைக் கடிச்சது. எங்கட பிள்ளையின்ர கலியாணத்தில அந்தச் சத்தம் கேக்கக்கூடாது.”

வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனை மண்டபத்துக்கு, நகரத்தைத் தெற்கிலிருந்து வடக்காக முழுவதும் கடக்கவேண்டும். அன்றிரவு கணவனும் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்தக் கேக் முழுதாகப் போய்ச் சேர்ந்தால் கார் வீட்டில் நிற்கும். வெடித்தால் தெமட்டகொடைக்காரருக்குப் போகும். இருபத்துநான்கு நாள் இருந்தது.

முதலில் டிலக்ஷி நுகேகொடையில் ஒரு கராஜுக்குப் போனார். நான்கு சொக் அப்சோர்பரும் புதிதாக, கூட்டிக் குறைக்கக்கூடிய வகையாகப் போட்டால் மெத்தை மாதிரி ஓடும் என்றார் முதலாளி. விலையைச் சொன்னார். அங்கே கொடுத்த தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு டிலக்ஷி வெளியே வந்தார். புதிய மிக்சர் ஒன்றுக்காக எடுத்து வைத்திருந்த ஐம்பதாயிரம் ரூபாய்தான் கையில் இருந்தது.

காரைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் எது உடையும், எப்போது உடையும் என்பது தெரியும். அன்று பின்னேரம் கேக் தட்டு ஒன்றில், நோன்பு காலத்து இனிப்பான கடல்பாசியைக் காய்ச்சி ஊற்றி இறுக விட்டார். ஜெலி எவ்வளவு ஆட்டினாலும் ஆடும், உடையாது. கடல்பாசி ஆடாது, கண்ணாடி மாதிரிப் பிளக்கும். அதைப் பலகையில் கவிழ்த்து முன்னிருக்கையில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு ஓட்டினார். கொள்ளுப்பிட்டியில் முதல் வெடிப்பு. ஆமர் வீதியில் எண்ணிப் பார்த்தபோது ஏழு துண்டு. வீட்டுக்கு வந்ததும் உமாசுதன் இரண்டு துண்டைத் தின்றுவிட்டு, “சோதனை நல்லாத்தான் இருக்கு. சீனி கொஞ்சம் கூட,” என்றார்.

மறுநாள் தடித்த டயர் விலை கேட்கலாம் என்று ரயில் பாதைக்குப் பக்கத்தில் உள்ள அகீல் என்பவரின் டயர் கடைக்குப் போனார். அகீலுக்கு முப்பது வயது இருக்கும். வாய் ஓயாத ஆள். விலை சொல்லுவதற்கு முன்னால் காற்று அளக்கும் கருவியை டயரில் வைத்தார். நிமிர்ந்து பார்த்தார். மற்ற மூன்றிலும் வைத்தார்.

“மிஸ், இது யாரு அடிச்ச காத்து?”

“நான் சொல்லித்தான் அடிக்கிறவை. எப்பவும் நாப்பத்திரண்டு.”

“நாப்பத்திரண்டா? இதெல்லாம் சாமான் ஏத்துற வேனுக்கு அடிக்கிற காத்து மிஸ். யாரு சொன்ன?”

யார் சொன்னது என்று டிலக்ஷி யோசித்தார். பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம். வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று கைப்பேசிக் குறியீட்டைக் காட்டி வாங்கிய நாட்கள். காற்றைக் கூட்டி அடித்தால் லீற்றருக்கு இன்னும் ஒரு கிலோமீற்றர் ஓடும் என்று வரிசையில் நின்ற யாரோ சொன்னார். அவர்கள் ஒழுங்கையில் எல்லாரும் அப்படியே அடித்தார்கள். வரிசை போய்விட்டது. காற்று மட்டும் அப்படியே இருந்தது.

அகீல் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “பெற்றோல் வந்து எவ்வளவு காலம் மிஸ். இன்னும் நீங்க வரிசையிலதான் நிக்கிறீங்க.”

சாரதிக் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த சிறிய தாளைக் காட்டினார். முப்பத்திரண்டு என்று இருந்தது. நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். காசு வாங்கவில்லை. டிலக்ஷி தெருமுனையில் திரும்பியதுமே வித்தியாசம் தெரிந்தது. குழிகள் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் அவை முதுகெலும்பு வரை வந்து பேசவில்லை.

அடுத்த கடல்பாசி புறக்கோட்டை வரை தாங்கியது. கொட்டாஞ்சேனையில் மூன்றே துண்டு.

இனி விட முடியவில்லை அவருக்கு. அகீலிடம் திரும்பிப் போனார். இந்த மெல்லிய டயரில் காற்றை இதற்குமேல் இறக்கினால் குழியில் றிம் அடிபடும் என்றார் அகீல். றிம்மைச் சின்னதாக்கினால் டயர் தடிக்கும், அந்தத் தடிப்பே பாதி மெத்தை. புதிதாக வாங்கத் தேவையில்லை. ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டில் பாரந்தூக்கி ஓட்டும் ஒரு சிங்கள இளைஞன் பதினேழு அங்குல றிம் தேடித் திரிகிறான், அவனிடம் பதினைந்தில் நல்ல செற் ஒன்று டயரோடு இருக்கிறது. சனிக்கிழமை டிலக்ஷியும் அவனும் கடையில் சந்தித்தார்கள். அந்த இளைஞன் றிம்மைத் தடவித் தடவிப் பார்த்தான்.

“அக்கே, உண்மையா இதைக் குடுக்கப் போறீங்களா?” என்று சிங்களத்தில் கேட்டான்.

“உண்மையா, மல்லி,” என்றார், அவனுடைய மொழியில் தம்பி என்று விளித்து.

“ஏன்?”

“கேக்குக்கு.”

அவன் அகீலைப் பார்த்தான். அகீல், இதைப் பற்றிக் கேட்காதே என்பதுபோல் தலையாட்டினார். மாற்றியதில் டிலக்ஷியின் கையில் இருந்து போனது ஒன்பதாயிரம் மட்டும். இளைஞன் சீழ்க்கையடித்துக்கொண்டு போனான்.

மிச்சம் ஸ்பிரிங். மெல்பேர்னுக்கு அழைப்பு எடுத்தார்.

“மிதுஷன், கார் வரேக்க இருந்த ஸ்பிரிங் எங்கயடா?”

“அக்கா, அதைத் திருப்பிப் போடப் போறியளோ? கார் ஆட்டோ மாதிரி எழும்பி நிக்கும். என்ர பேர் கெட்டுப்போகும்.”

“உன்ர பேரை நீ அங்க கொண்டுபோட்டாய்தானே. ஸ்பிரிங்கைச் சொல்லு.”

அவை நுகேகொடையில் அவனுடைய சிநேகிதன் ஒருவனின் மொட்டைமாடியில் இருந்தன. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கு மேலேயும் ஒரு ஓர்க்கிட் சட்டி. சிநேகிதனின் அம்மாவுக்கு நான்கு நல்ல மரத்தாங்கி வாங்கிக் கொடுத்து அவற்றை மீட்டார். அகீலுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் துருவைச் சுரண்டி, சுருண்டு கிடந்த மேல் ரப்பர்களை மாற்றி, அரை நாளில் பூட்டினார். கார் மூன்று விரல் உயர்ந்தது. சக்கரங்களை நேர்படுத்திய பிறகும் ஐம்பதாயிரத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியது.

மரைன் டிரைவில் ஓட்டிப் பார்த்தார். வளைவில் முன்பு இல்லாத ஒரு சாய்வு இருந்தது. அதை அவர் ஒளிக்கவில்லை. “கொஞ்சம் சாயுது,” என்று உமாசுதனிடம் சொன்னார். ஆனால் கியரை இறக்கி மிதித்தபோது அதே பாய்ச்சல்.

இவ்வளவுக்கும் இடையில் அடுக்குமாடி முழுவதும் கடல்பாசி தின்றுகொண்டிருந்தது. எதிர்வீட்டு பர்ஹா கதவைத் திறந்து தட்டை வாங்கும்போது கேட்டார்: “நோம்பும் இல்ல, பெருநாளும் இல்ல. என்னத்துக்குடி இவ்வளவு கடல்பாசி?”

“கார் ஓட்டிப் பழகிறன்.”

“பதினஞ்சு வருஷமா ஓட்டுறாய்தானே.”

“இப்பத்தான் பழகிறன்.”

கடைசிக் கடல்பாசி கொட்டாஞ்சேனைக்குப் போய்த் திரும்பியும் வந்தது. பர்ஹா வீட்டுக்கு முதல் தடவையாக முழுதாகப் போனது.

கலியாண நாள். பின்னேர வரவேற்புக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டார்கள். மூன்று தட்டும் மூன்று பெட்டியில். பெரியது முன்னிருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், ரப்பர் விரிப்பின் மேல். நடுத்தட்டு பின்னிருக்கையில், பலகை வைத்து மட்டம் பார்த்து. சின்னது அதற்குப் பக்கத்தில் இருந்த உமாசுதன் மடியில். ஏசி உச்சத்தில் ஓட, அவர் குளிரில் சுருண்டிருந்தார்.

காலி முகத்திடல், புறக்கோட்டை, எல்லாம் நன்றாகப் போனது. ஆமர் வீதிக்கு வந்தபோது போக்குவரத்துப் பொலிஸ்காரர் கையை நீட்டினார். குழாய் வெடித்து வீதி ஆறாகிக் கிடந்தது. பக்கத்து ஒழுங்கைக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒழுங்கையில் தார் இல்லை. கேபிள் பதிக்கத் தோண்டிக் கல்லைக் கொட்டி மூடிய பாதை. இந்த ஒழுங்கையை எந்தக் கடல்பாசியும் பார்த்ததில்லை.

டிலக்ஷி கண்ணாடியை இறக்கி, சிங்களத்தில், கலியாணக் கேக் இருக்கிறது, மெதுவாகத்தான் போகமுடியும் என்றார். பொலிஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார்.

“எல்லாம் கேக்கா? ரெஜிஃபோம் இல்லையா?”

“எல்லாம் கேக், ராலஹாமி.”

அது அவரை எங்கேயோ தொட்டிருக்கவேண்டும். பின்னால் ஹோர்ன் அடித்த முச்சக்கரவண்டிகளைக் கையால் அமர்த்தினார். பிறகு காருக்கு முன்னால் தானே நடக்கத் தொடங்கினார். பெரிய கல் கிடந்த இடங்களில் சப்பாத்தால் ஒதுக்கினார். முதலாம் கியரில், நடை வேகத்தில், கார் பின்னால் ஊர்ந்தது. வீட்டு வாசல்களில் நின்றவர்கள், யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று எட்டிப் பார்த்தார்கள். உமாசுதன், “மெதுவா, மெதுவா,” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் அதை நிறுத்திவிட்டார். கார் கல்லின் மேல் ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. அடி தட்டவில்லை. மடியில் பெட்டி அசையவில்லை.

மண்டபத்தில் டிலக்ஷி பெட்டிகளைத் தானே திறந்தார். முதலில் பெரியது. சுற்றிவர நடந்து, குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார். பிறகு நடுத்தட்டு. பிறகு சின்னது. ஐசிங்கில் மயிர்க்கோடு கூட இல்லை. கொண்டுவந்திருந்த ரோசாப்பூக்களில் முக்கால்வாசியைத் திரும்பப் பெட்டியில் போட்டு மூடினார்.

பட்டுச் சேலை அரைகுறையாகக் கட்டியபடி வந்த நேசம் மூன்று தட்டையும் பார்த்தார், வாசலில் நின்ற காரையும் பார்த்தார்.

“பிள்ளை, இதை எதில கொண்டந்தனீர்? வேன் எங்க?”

“இதுதான் அன்ரி.”

“இந்தத் தோடம்பழத்திலயோ?” அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து நேசம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சகோதரிகளையும் கூப்பிட்டுக் காட்டினார்.

திரும்பும் வழியில் கார் பாரமில்லாமல் ஓடியது. கடலைப் பார்த்த வீதிக்கு வந்ததும் டிலக்ஷி கேட்டார்: “என்னப்பா, தெமட்டகொடைக்காரருக்கு என்ன சொல்லப் போறீங்கள்?”

பம்பலப்பிட்டியில் ஒரு குழியில் சக்கரம் இறங்கி ஏறியது. மறுபடி கேட்டார். திரும்பிப் பார்த்தார். இந்தக் காரில் ஏறினாலே இடுப்பைப் பிடிக்கும் உமாசுதன், வாய் திறந்து, தலை ஜன்னலில் சாய்ந்து, நல்ல நித்திரையில் இருந்தார்.

வெள்ளவத்தையில் தங்கள் ஒழுங்கை வந்தது. டிலக்ஷி திருப்பவில்லை. தெஹிவளைப் பக்கம் ஓட்டிக்கொண்டே போனார்.