கதவைச் சாத்திப் பத்து நிமிடம்

முதலில் காரின் சொந்தக்காரரை உள்ளே உட்கார வைத்து, நாலு கண்ணாடியையும் ஏற்றச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார் ஆரோக்கியமேரி. ஏசி கூடாது. காரைச் சுற்றி நிதானமாக ஒரு நடை நடந்துவிட்டு, முன்கண்ணாடிக்கு நேரே வந்து நின்று உள்ளே இருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடம். உள்ளே இருப்பவர் வேர்த்து வழிந்து, சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் கைப்பேசியை எடுப்பார். "போனைக் கீழ வை சார். மூச்சை நல்லா இஸ்து வுடு" என்று வெளியிலிருந்து உத்தரவு வரும். பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் அடங்கி ஒடுங்கி மூச்சு விட்டிருக்கிறார்கள்.

பழைய கார்களின் தோல் சீட்டுகளைச் சரிசெய்து கொடுப்பது அவர் தொழில். வெடிப்பை நிரப்பி, நைசான உப்புத்தாளால் தேய்த்து, நிறம் ஏற்றி, வறண்ட தோலுக்குக் களிம்பு கொடுப்பார். ஜி.பி. ரோட்டில் ஒரு சீட் கவர் கடையில் பதினெட்டு வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். ஊரடங்கில் கடையை மூடியதும் யாரிடமும் போய் வேலை கேட்காமல் தனியாகக் கிளம்பிவிட்டார். இப்போது சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறி, ஒயர்க் கூடையோடு மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் இறங்கி, அடுக்குமாடிக் கட்டடங்களின் பேஸ்மென்டுக்குள் போய்விடுவார். "உங்க ஆளு எப்பம்மா வருவாரு?" என்று காவலாளி கேட்டால், "ஆளு வந்து அஞ்சு நிமிசம் ஆவுது. லைட்டைப் போடு" என்பார்.

வளையல் கிடையாது, மோதிரம் கிடையாது. நகத்தைத் தினமும் காலையில் ஒட்ட வெட்டிவிட்டுத்தான் வாசல் தாண்டுவார். புடவைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டை. அதையும் முன்பின்னாகத் திருப்பி, பித்தான்கள் முதுகுப்பக்கம் வரும்படி மாட்டிக்கொள்வார். குனிந்து வேலை செய்யும்போது பித்தான் உரசித் தோலில் கோடு விழக்கூடாதாம். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

தோலைப் பற்றி அவருக்கென்று ஒரு சாஸ்திரம் உண்டு. மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்ப்பார். "குடிச்சிச்சின்னா பசி. அப்டியே நின்னுச்சின்னா வவுறு ரொம்பி கீது. ரொம்புன வவுத்துல ஊட்டுனா கக்காம இன்னா பண்ணும்?" இதைக் கேட்காமல் கடையில் விற்கிற லோஷனையெல்லாம் வாங்கிப் பூசிவிட்டுப் பிறகு அவரைக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம்.

கதவைச் சாத்தி முகம் பார்க்கிற சோதனையைத் தொழில் சுத்தம் என்று பலரும் மெச்சிக்கொள்கிறார்கள். விஷயம் வேறு. ஆரோக்கியமேரிக்கு வாசனை தெரியாது. கொரோனா இரண்டாம் அலையில் காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கருவாட்டுக்கும் மல்லிகைக்கும் அவருக்கு வித்தியாசம் கண்ணால்தான். தோல் வேலையிலோ பாதி மூக்கு வேலை. பஞ்சுக்குள் ஈரம் தங்கியதும், தையலுக்கு அடியில் பூஞ்சை பிடித்ததும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மற்றவர்களின் மூக்கை இரவல் வாங்குகிறார். பூஞ்சை என்றால் மூக்கோரம் லேசாகச் சுருங்குமாம். எலி செத்த வண்டி என்றால் பத்து நிமிடமெல்லாம் தேவையில்லை, உள்ளே இருப்பவர் தானே கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்துவிடுவார்.

இந்த ரகசியம் தெரிந்தவர் பக்கத்துவீட்டு ஜைதூன் பீ ஒருவர்தான். பால் திரிந்ததா, கேஸ் கசிகிறதா என்று மேரிக்காகத் தினமும் முகர்ந்து சொல்கிறவர் அவர். "கூவத்து ஓரமா குடியிருந்துக்கினு மூக்கு போச்சேன்னு அழுவுற ஒரே ஆளு நீதான் மேரி" என்று கேலியும் செய்வார். மேரியும் சிரிப்பார். ஆனால் வாடிக்கைக்காரர்களிடம் மூச்சு விட்டதில்லை. "மோப்பம் தெரியாதவ தோல் வேல பாக்குறான்னு ஒரு தபா வெளிய தெரிஞ்சிச்சின்னு வெச்சிக்க, அப்புறம் எவன் கூப்டுவான்?" என்பது அவர் பயம். நியாயமான பயம்தான்.

போன சித்திரையில் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து வெங்கடரமணன் கூப்பிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காருக்குப் பதினான்கு வயது. தோலில் கோடுகள் விழுந்ததைப் பார்த்து மனம் கேட்காமல், சனிக்கிழமைதோறும் தான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு முன்னால் சீட்டுக்கும் தேய்த்திருக்கிறார். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். மொத்தம் பதினோரு சனிக்கிழமை. மனைவி ஜானு உட்காரும் முன்சீட்டுக்கு மட்டும், பாசத்தில், இரண்டு கை அதிகம். மார்கழி வரை பளபளத்தது. வெயில் ஏறியதும் எண்ணெய் சிக்கு வாடை அடித்து, எறும்பு வந்து, ஜானு காரில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். அடையாறில் வாரம் மூன்று நாள் பாட்டு வகுப்பு எடுக்கிறவர். மூன்று மாதமாக ஆட்டோவில்தான் போகிறார்.

மேரி சீட்டைத் தொட்டார். விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"சீயக்காவும் போட்டியா சார்?"

"அது அடுத்த வாரம்னு இருந்தேன்" என்றார் வெங்கடரமணன், விளையாட்டில்லாமல்.

"நாத்தம் போகலைன்னா வண்டியை வித்துடலாம்னு சொல்லிட்டேன்" என்றார் ஜானு. "தலையைச் சுத்தறது."

வெறும் வாடை போக்கும் வேலை என்றால் மேரி ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவது வழக்கம். இந்த முறை கால் நகரவில்லை. தோல் அசலானது, எண்ணெயை வெளியே எடுத்துவிட்டால் இன்னும் பத்து வருடம் உழைக்கும். அதை விற்றுத் தள்ள விட மனம் வரவில்லை. "எத்தினி நாளிக்கித்தான் ஓடிக்கினே இருக்கிறது?" என்று அன்று சாயங்காலம் ஜைதூன் பீயிடம் சொன்னாராம்.

திங்கள்கிழமை சீட்டு முழுக்கச் சோள மாவைத் தூவி, மேலே பழைய வேட்டித் துணியைப் போர்த்தி வண்டியை வெயிலில் நிறுத்தினார். மாவு எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாக மாறும்; வழித்துப் போட்டுவிட்டு மறுபடி தூவ வேண்டும். இரண்டு நாளில் நாலு தடவை. மூன்றாம் நாள் சோப்பு நுரை போட்டு, துடைத்து, உலர்த்தி, வெங்கடரமணனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். அவர் முகம் சுவாமி தரிசனம் கிடைத்த மாதிரி மலர்ந்திருந்தது. பதினோரு வாரம் தேய்த்தவரின் மூக்கை நம்பிப் பயனில்லை என்று மேரி ஜானுவைக் கூப்பிட்டார்.

ஜானு பத்து நிமிடமும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடமாகச் சுருதி விலகிப் பாடும் குழந்தைகளின் எதிரே முகம் சுளிக்காமல் இருந்து பழகிய முகம் அது. மேரி கண் கொட்டாமல் பார்த்தும் ஒரு சுவடும் அகப்படவில்லை. இறங்கி வந்து, "பரவாயில்லை" என்றார் ஜானு.

"நாளிக்கி வர்றேன்" என்று மேரி கூடையை எடுத்தார்.

"அவளே பரவாயில்லைங்கறாளே" என்றார் வெங்கடரமணன்.

"பரவால்லன்னா இன்னும் கீதுன்னு அர்த்தம் சார்."

வியாழக்கிழமை சீட்டுகளையே கழற்றிவிட்டார். போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. தரையில் மண்டியிட்டு, தோள்பட்டை விண்ணென்று தெறிக்க, ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து மாடிக்கு ஏற்றினார். தையல் ஓரங்களைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் விரற்கடை விரற்கடையாகத் தேய்த்தார். வெள்ளிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் பழையபடி பூட்டியபோது தோல் மெத்தென்றும் உலர்ந்தும் இருந்தது. கைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மறுபடி ஜானு, மறுபடி பத்து நிமிடம், மறுபடி அதே முகம்.

"போயிடுத்துன்னுதான் நினைக்கறேன்" என்று இறங்கினார் ஜானு.

"நெனைக்கிறதெல்லாம் வாணாம்மா. கீதா, இல்லியா?"

"என்னைக் கேட்கறேளே. நீங்களே ஒரு தரம் மோந்து பாருங்கோளேன். உங்களுக்குத் தெரியாததா?"

இதற்கும் மேரியிடம் ஒரு வழி இருந்தது. குனிந்து, சத்தம் வர மூச்சை இழுத்து, "சுத்தமா கீது" என்று தலையாட்டிவிட்டுப் போகலாம். முன்பு எத்தனையோ பேஸ்மென்டில் அப்படிச் செய்திருக்கிறார். இப்போதும் குனிந்தார். மூச்சை இழுத்தார். காற்று உள்ளே போயிற்று, அவ்வளவுதான். திங்கள்கிழமை இந்த அம்மாள் மறுபடி ஆட்டோ பிடித்தால் தான் பட்ட பாடெல்லாம் எதற்கு என்று தோன்றியது. நிமிர்ந்தார்.

"எனக்கு மூக்கு வேல செய்யாதும்மா. அஞ்சு வருசம் ஆச்சி. கொரோனாவுல போனது."

வெங்கடரமணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்போ அஞ்சு நாளா என்ன பண்ணிண்டிருந்தேள்?"

"வேல பாத்தேன் சார். மீதி நேரம் உங்க வூட்டம்மா மூஞ்சியைப் பாத்துக்கினு இருந்தேன். அதுல ஒண்ணியும் தெரியல. அவங்க வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு. போவலன்னா நாளிக்கும் வருவேன், நாளான்னிக்கும் வருவேன்."

இனி இந்த அம்மாள் கையைக் கூப்பி அனுப்பிவிடுவார், சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று எதிர்பார்த்து மேரி கூடையின் பிடியைப் பற்றிக்கொண்டார்.

ஜானு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு காருக்குள் ஏறி மண்டி போட்டார். பின்சீட்டிலிருந்து ஆரம்பித்து, தையல் தையலாக, தோலில் மூக்கு படும்படி முகர்ந்துகொண்டே வந்தார். இப்போது முகத்தை அடக்கவில்லை. ஓரிடத்தில் புருவம் நெரிந்து, பிறகு விலகியது. முன்சீட்டின் ஹெட்ரெஸ்டுக்கு அடியில், இரண்டு கம்பிகள் உள்ளே இறங்கும் இடத்துக்கு வந்ததும் முகம் அப்பட்டமாகக் கோணிற்று.

"கர்மம். இங்கதான் இருக்கு."

திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். மேரியின் கை அகப்பட்டதும் அதைப் பிடித்திழுத்து, ஆள்காட்டி விரலைக் கம்பியோரத்துத் தையலின் மேல் வைத்து அழுத்தினார்.

"மேல இல்லை. உள்ள."

மேரி விரலை அங்கிருந்து எடுக்கவில்லை. மற்றக் கையை மட்டும் பின்னால் விட்டு, தையல் பிரிக்கிற சின்னக் கத்தியைக் கூடைக்குள் துழாவத் தொடங்கினார்.