ஜன்னத் ‘ச்சை’ சொல்லும் நேரம்

ஜன்னத்துக்குப் பொறுமை அதிகம் என்று யாராவது சொன்னால், அவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கிவிடுவாள். கண்டக்டர் திட்டுவார்தான், நின்று கேட்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. குக்கர் தானாக அடங்கியதாக அந்த வீட்டில் சரித்திரமே கிடையாது. விசிலைக் கரண்டியால் தூக்கி, ஆவியை விரட்டிவிட்டுத்தான் மறுவேலை. நிக்காஹ் வீட்டில் துஆ கொஞ்சம் நீண்டால், பெண்கள் பக்கத்திலிருந்து முந்திக்கொண்டு வரும் ‘ஆமீன்’ அவளுடையதாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு அமைந்த மாப்பிள்ளை கவுஸ். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர். நல்ல மனுஷன், கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் கேட்கிறவர் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்துவிடலாம். அந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் போகாது. அதனால் தினமும் குரல் செய்திதான் அனுப்புவான். பெருநாளைக்கு நேரடிப் போன் வரும். சலாமும் ‘எல்லாரும் சுகமா’வும் ஆவதற்குள் போன் நான்கு கை மாறிவிடும்.

அந்தக் குரல் செய்திகளை ஜன்னத் இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்பாள். ஓரத்தில் இருக்கும் பொத்தானை இரண்டு தட்டுத் தட்டினால் போதும், கவுஸ் மூச்சுவிடாமல் படபடவென்று பேசுவான். “இப்பத்தான் மனுஷன் ஒழுங்காப் பேசுறாரு” என்பாள். அந்த வசதி வருவதற்கு முன்னால் எப்படிக் குடும்பம் நடத்தினாள் என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

அதே வீட்டில் இருந்த கவுஸின் தங்கை மர்ஜியா பெரம்பலூரில் ‘வேலைக்கதவு’ என்ற இணையதளத்தின் ஆபீஸில் வேலை பார்த்தாள். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து ஆலைகளும் ஆஸ்பத்திரிகளும் பள்ளிக்கூடங்களும் ஆள் தேவைப்பட்டால் அதில் விளம்பரம் போடும். அந்தப் பக்கங்கள் எவ்வளவு வேகமாகத் திறக்கின்றன என்று அளப்பது மர்ஜியாவின் வேலைகளில் ஒன்று. அளப்பதற்குக் கருவி உண்டு. முகவரியைக் கொடுத்தால், பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டுவிடும்.

ஒருநாள் மர்ஜியா சும்மா இருக்காமல், பக்கத்தை ஜன்னத்தின் போனில் திறந்து கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். அங்கேதான் புதிய கருவி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு பக்கம் திறப்பதை ஒரே நேரமாக அளக்க முடியாது. வெள்ளைத் திரையில் முதலில் ஏதோ ஒன்று தெரிகிற நேரம் தனி. ஆள் எதைத் தேடி வந்தாரோ அந்த வேலைப் பட்டியல் கண்ணில் படுகிற நேரம் தனி. பட்டதைத் தொட்டால் அது பதில் சொல்கிற நேரம் வேறு. ஜன்னத்திடம் இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓசை இருந்தது. வெள்ளைத் திரைக்கு “ம்ம்.” பட்டியல் வராவிட்டால் “என்னடி இது?” தொட்டும் அசையாவிட்டால் “ச்சை!” அந்த ‘ச்சை’யோடு போன் சோபாவில் குப்புற விழும். அதற்கப்புறம் அவளை அந்தப் பக்கம் திரும்ப வைக்க ஜமாத்தாலும் முடியாது.

மர்ஜியா இதை ஆபீஸில் சொன்னாள். முதலாளி அறிவரசன் சிரித்தார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில், சட்டம் போட்டு ஒரு காகிதம் தொங்கியது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. கருவி போட்ட மார்க்.

“அது கம்ப்யூட்டருக்குப் போட்ட மார்க்கு சார். போனுக்கு அளந்தா இருபத்திமூணுதான் வருது. நம்மகிட்ட வர்றவங்க எல்லாருமே போன்லதான் வர்றாங்க.”

“என் போன்ல பொசுக்குனு தெறக்குதேம்மா.”

பொசுக்கென்று திறக்காமல் என்ன செய்யும்? ஆபீஸ் வைஃபை அவர் தலைக்கு மேலே இருந்தது. போன் புதுசு. தினம் பத்துத் தடவை அதே பக்கத்தைப் பார்ப்பதால் படமெல்லாம் அதற்குள்ளேயே குடியிருந்தது. அவர் பார்ப்பதற்குக் காரணமும் இருந்தது. பக்கத்தின் உச்சியில் அவர் கைகூப்பிச் சிரிக்கும் படம், ஒரு பல்கூட விட்டுப்போகாத தெளிவில் இருந்தது. பின்னால் சிமெண்டு ஆலைக்கு மேல் சூரியன் உதிக்கும் வீடியோ ஓடியது. சுவரொட்டிக்கு எடுத்த படத்தை அப்படியே தூக்கி உள்ளே வைத்திருந்தார்கள்.

“அதுவுமில்லாம,” என்றார் அறிவரசன், “வேலை தேடுறவங்களுக்கு என்னம்மா அவசரம்? சும்மாத்தானே இருக்காங்க.”

மர்ஜியா இதை வீட்டில் வந்து சொன்னபோது ஜன்னத் குக்கர் விசிலைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு சொல்லையும் மறக்கவில்லை.

அந்த மாதம் வேலைக்கதவில் ஒரு விளம்பரம் வந்தது. ஆலத்தியூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்டு ஆலைக்கு ஸ்டோர்கீப்பர் வேண்டும், வெளிநாட்டுக் கிடங்கில் வேலை பார்த்தவர்களுக்கு முன்னுரிமை. மர்ஜியா படித்துக் காட்டியதும் ஜன்னத் உட்கார்ந்துவிட்டாள். பகலில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

மகள் ஆஃப்ரா பிறந்த வருஷம் போனவன் கவுஸ். இப்போது ஆஃப்ரா பத்தாவது படிக்கிறாள். கடைசியாகக் கொரோனாவுக்கு முன்னால் லீவில் வந்தான். அப்புறம் வீட்டு மாடி, பெரிய தங்கச்சி நிக்காஹ் என்று வருகிற வருஷம் வருகிற வருஷமாகத் தள்ளிப்போனது. வந்துவிடுங்கள் என்று ஜன்னத் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. சொன்னால் அழுகை வரும், அழுதால் நேரமாகும். ஆனால் அவளுக்கு அவன் வேண்டும். அந்த மந்தமான மனுஷன் இந்த வீட்டில், இந்த சோபாவில் வேண்டும். அன்றைக்குக் குரல் செய்தி அனுப்பினாள்: “ஏங்க, இந்த வேலைக்குப் போடுங்க. வந்துருங்க.” அவள் அனுப்பியதிலேயே சின்னச் செய்தி அதுதான்.

கவுஸ் போட முயன்றான். அவனுக்காக ஜன்னத் இங்கிருந்து போட்டுவிட முடியாது. விண்ணப்பிக்கிறவர் தன் போனிலேயே முகத்தைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும் என்று அறிவரசன் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். கவுஸிடம் இருந்தது பழைய போன். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் வைஃபையில் ஒரு கட்டிடமே தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு நாட்களாகத் தினமும் ஒரே செய்திதான் வந்தது, இரண்டு மடங்கு வேகத்திலும் சோகமாக: “இன்னைக்கும் போகல ஜன்னத். கிட்ட வந்து கைநழுவிடுது.”

கடைசித் தேதியன்று காலையில் ஜன்னத் மர்ஜியாவோடு பஸ் ஏறிவிட்டாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வழக்கம்போல் நிற்பதற்கு முன்பே இறங்கி, ஆபீஸ் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி, அறிவரசனுக்கு எதிரில் போய் நின்றாள். “இவங்கதான் சார் எங்க மச்சி, அண்ணன் வூட்டுக்காரங்க” என்று பின்னால் மூச்சிரைக்க வந்த மர்ஜியா சொல்லி முடிப்பதற்குள் ஜன்னத் தன் போனை மேசையில் வைத்துவிட்டாள்.

கவுஸின் பக்கத்துக் கட்டில்காரன் பிலால், கவுஸ் விண்ணப்பம் போடுவதைத் தன் போனில் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான்.

“பாருங்க சார். ஓட்டாமப் பாருங்க” என்றாள் ஜன்னத்.

அறிவரசன் பார்த்தார். வெள்ளைத் திரை வந்தது, போகவில்லை. கவுஸ் கொட்டாவி விட்டான். பிறகு மேலிருந்து அறிவரசனின் தலைமுடி வந்தது. நெற்றி வந்தது. புருவத்தில் நின்றுவிட்டது. வீடியோவில் யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள், கவுஸ் குடித்தான். கண்கள் வந்தன. அறிவரசன் நாற்காலியில் நெளிந்தார். ஓட்டிவிடலாமென்று விரலைக் கொண்டுபோனார். ஜன்னத் போனைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

“மூக்கு எப்பம்மா வரும்?” என்றார் அவர், சன்னமான குரலில்.

“ஏன் சார், உங்களுக்கு என்ன அவசரம்? சும்மாத்தானே இருக்கீங்க?”

மர்ஜியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடியோவில் ஒருவழியாக முகம் முடிந்து, படிவம் வந்து, கவுஸ் எல்லாவற்றையும் நிரப்பி, ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனான். சரியாக அந்த நேரம் மேலிருந்து அறிவரசனின் பண்டிகை வாழ்த்துப் பட்டை தாமதமாக வந்து இறங்கியது. பக்கம் முழுவதும் ஒரு அங்குலம் கீழே போனது. ‘சமர்ப்பி’ இருந்த இடத்துக்கு அதன் மேலே இருந்த ‘ரத்து செய்’ வந்து உட்கார்ந்தது. கவுஸின் விரல் அதில் விழுந்தது. மறுபடியும் வெள்ளைத் திரை.

“நாலு நாளா இதான் சார் நடக்குது,” என்றாள் ஜன்னத். குரல் உடைந்தது. அவளுக்கே அது பிடிக்கவில்லை, தொண்டையைச் செருமினாள். “அவரு மெதுவான ஆளுதான். அதுக்காக நீங்க சிரிச்சி முடிக்கிற வரைக்கும் எம்புட்டு நாளு காத்துக் கெடக்கறது?”

அறிவரசன் சுவரில் தொங்கிய தொண்ணூற்று நான்கைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மர்ஜியாவிடம், “எடுத்துரும்மா” என்றார். சூரியோதயம் போனது. வாழ்த்துப் பட்டை போனது. படத்துக்கு மட்டும் கொஞ்சம் பேரம் நடந்தது. கடைசியில் பக்கத்தின் அடியில், தபால்தலை அளவுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது. மர்ஜியா எல்லாவற்றையும் ஏற்றி முடித்து, ஜன்னத்தின் கையில் போனைக் கொடுத்து, வைஃபையை நிறுத்தித் திறக்கச் சொன்னாள். ஜன்னத் ‘ம்ம்’ சொல்ல வாயைத் திறந்தாள். பட்டியல் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டாள்.

ஷார்ஜாவுக்குத் தகவல் போனது. உடனே பிலாலிடமிருந்து குரல் வந்தது: “மச்சி, பக்கம் சட்டுனு தெறந்துருச்சு. மச்சான்தான் போட்டோவுக்குத் தலை சீவிக்கிட்டு இருக்காரு.”

“தலையில என்னத்தையாம் சீவுறாரு!” என்று ஜன்னத் கத்தியது கீழே ஜெராக்ஸ் கடை வரைக்கும் கேட்டது. அடுத்த செய்தி கவுஸிடமிருந்து வந்தது. அதையும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்டாள். “போயிருச்சு ஜன்னத்.” அறிவரசன் ஆபீஸ் என்றும் பார்க்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுவதும் சீக்கிரம் முடிந்துவிட்டது.

வேலை கிடைத்தது. கணக்கு முடித்து, விசா முடித்து, கவுஸ் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து அந்த சோபாவில் உட்கார்ந்தான். ஜன்னத் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். மர்ஜியாவும் உட்கார்ந்தாள்.

“ஷார்ஜாவுல…” என்றான் கவுஸ். “போன மாசம்… ஒரு கண்டெய்னரு… வந்துச்சு பாரு…”

ஜன்னத் பதறிப்போனாள். “ஏங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? ஏன் இப்புடி இழுத்து இழுத்துப் பேசுறீங்க?”

“நான்… எப்பவும்… இப்புடித்தானே… பேசுவேன்?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷமாகப் புருஷன் குரல் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தது அவன் குரலே இல்லை. அவனுடைய நிஜமான பேச்சு எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. சோபாக் கைப்பிடியில் அவள் கட்டைவிரல், தன்னையறியாமல், இரண்டு தட்டுத் தட்டியது. கவுஸ் அதே வேகத்தில்தான் இருந்தான்.

“சொல்லுங்க,” என்றாள்.

கவுஸ் சொன்னான். அடுக்களையில் மூன்றாவது விசில் வந்தது. நான்காவதும் வந்தது. மர்ஜியா அடுப்பை அணைக்க எழுந்தாள். ஜன்னத் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“இருடி. அவரு முடிக்கட்டும்.”

கண்டெய்னர் அப்போதுதான் துறைமுகத்து வாசலுக்கு வந்திருந்தது.