பையின் அடியில் இருந்த திருவலை

முதல் ஏற்றம் முடிவதற்குள்ளேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. தோள்கள் இரண்டும் எரிந்தன. கூட வந்தவர்கள் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு பாறையில் என்னை இருத்தினார்கள். "உனக்கு இளைக்கிற வயசில்லை, உன்ரை பையிலைதான் ஏதோ பிழை" என்று சொல்லி, என் முதுகுப்பையை அவிழ்த்துக் கவிழ்த்தார்கள். உடுப்பு விழுந்தது, மழைக்கோட்டு விழுந்தது, பிஸ்கட் பைக்கற்றுகள் விழுந்தன. கடைசியாகப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய பொதியொன்று பொத்தென்று விழுந்தது. பிரித்துப் பார்த்தால் தேங்காய் திருவுகிற திருவலை. இரும்பு நாக்கும் பலகையுமாக, எங்கள் அடுப்படியில் இருப்பதுபோலவே அந்தப் புல்லிலும் சாவகாசமாக இருந்தது. அதை நான் வைக்கவில்லை. யார் வைத்திருப்பார் என்று யோசிக்கவும் தேவையிருக்கவில்லை.

எங்கள் வீட்டில் பை அடுக்குவது அக்காவின் வேலை. அம்மா இல்லாமற் போன பிறகு வீட்டில் எல்லாமே அக்காவின் வேலைதான் என்றாலும், பை அடுக்குவதில் மட்டும் வேறு யாரும் கைவைக்க முடியாது. வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு பை எப்போதும் வாய் கட்டியபடி இருக்கும். காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் ஓய்வூதியக் கடிதம் எல்லாம் பொலித்தீனில் சுற்றி உள்ளே கிடக்கும். கூடவே மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, ஒரு போத்தல் உப்பு. விருந்தினர் வந்தால் அக்கா அந்தப் பையை ஒரு பாயால் மறைத்துவிடுவார். அவர்கள் வீட்டிலும் அப்படியொரு பை பாய்க்குப் பின்னால் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

திருவலை என் பைக்குள் வந்ததற்கு ஒரு கதை உண்டு. சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே ஊரை விட்டு வெளிக்கிட்ட மழைக்காலத்தில் நான் சின்னப் பெடியன். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். யாரோ ஒரு புண்ணியவதி எங்களுக்கு ஒரு தேங்காய் தந்தார். அக்கா அதை உடைத்துக்கொண்டு, திருவலை வைத்திருந்த ஓர் அம்மாவிடம் போய்க் கேட்டார். "வெளிக்கிடேக்கை ஒரு திருவலையைத் தூக்கத் தெரியாதே பிள்ளை?" என்று அந்த அம்மா கேட்டாராம். அவர் திருவலையைக் கொடுக்கத்தான் இருந்தார். ஆனால் அக்கா வாங்கவில்லை, திரும்பி வந்துவிட்டார். தேங்காயைக் கத்தியால் சொட்டுச் சொட்டாக வெட்டிச் சோற்றோடு தந்தார். நாங்கள் கறுக்குமொறுக்கென்று கடித்தோம். வீடு வாசலை விட்டு வந்தபோது அழாத அக்கா, அன்றைக்கு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து அழுதார்.

அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியபோது வீட்டில் கதவும் இல்லை, யன்னலும் இல்லை, அடுப்படியில் திருவலையும் இல்லை. கதவுக்கு முன்னரே அக்கா திருவலைக்குத்தான் தச்சரைப் பிடித்தார். குந்தியிருக்கிற பலகையை அரைவாசியாகத் தறித்துத் தரச் சொன்னார். "உதிலை இருந்து திருவேலாது பிள்ளை" என்றார் தச்சர். "பரவாயில்லை, பைக்குள்ளை அடங்கினால் காணும்" என்றார் அக்கா. அன்றிலிருந்து அந்தக் கட்டைப் பலகையை ஒரு காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டுதான் தேங்காய் திருவுவார். அது வழுக்கும். கையில் கீறும். வேறொன்று வாங்குவோம் என்றால் காது கேளாதவர் மாதிரிப் போய்விடுவார். பிறகு வீட்டுக்கு வந்த சட்டி, விளக்கு, சாமிப்படம்வரை அவர் பார்த்த கண் ஒன்றுதான்: தூக்கிக்கொண்டு போகலாமா, இல்லையா.

நான் வேலைக்குச் சேர்ந்து, ஊர் கொஞ்சம் ஆறிய காலத்தில்தான் என்னோடு வேலை செய்த கந்தோர்க்காரர் மலைநாட்டில் நடக்கப் போவதென்று முடிவெடுத்தார்கள். எழுத்தர்களுக்கெல்லாம் பெரியவரான எங்கள் பிரதம லிகிதர்தான் தலைவர். இளவயதில் அந்தப் பக்கம் வேலை பார்த்தவர் என்பதால் அவர் சொல்வதுதான் சட்டம். "உடுப்பு ஒண்டு உடம்பிலை, ஒண்டு பையிலை. குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை. ரோச் லைற், மழைக்கோட்டு, காலுக்கு நல்ல சப்பாத்து. மிச்சமெல்லாம் வீட்டிலை கிடக்கட்டும்" என்று தேத்தண்ணி குடிக்கும் நேரமெல்லாம் ஓதினார். நான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு முதுகுப்பை வாங்கினேன். சொன்ன சாமான்களைக் கட்டிலில் பரப்பி, அழகு பார்த்துப் பார்த்து அடுக்கினேன். அதுவரை நான் பையோடு போனதெல்லாம் ஓடிப் போனதுதான். ஆசைப்பட்டு ஒரு பையைத் தூக்குவது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோசத்தில் அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அக்கா கதவு நிலையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"உறுதியின்ரை கொப்பி வைச்சனியே?"

"மலைக்கு ஏன் அக்கா காணி உறுதி?"

"உப்பு?"

"நாங்கள் சுற்றிப் பாக்கப் போறம் அக்கா. ஆரும் துரத்தேல்லை."

நான் குளித்துவிட்டு வந்தபோது பை இறுக்கிக் கட்டப்பட்டு வாசலில் இருந்தது. கொஞ்சம் பாரமாகத்தான் இருந்தது. புதுப்பையின் பாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாறையடியில் எல்லோரும் என்னை வைத்து வயிறு நோகச் சிரித்தார்கள். பிரதம லிகிதர்தான் எல்லோரிலும் கூடச் சிரித்தார். அவர் பக்கத்தில் இருந்த நண்பனுக்கு என்ன தோன்றியதோ, விளையாட்டாக அவருடைய பையை எடுத்துக் கவிழ்த்தான். பொலித்தீனில் சுற்றிய வீட்டு உறுதி வந்து விழுந்தது. மனிதர் முகம் சுருங்கிப்போயிற்று. "அது வழமையா என்னோடைதான் வாறது" என்றார் மெல்ல. கவிழ்த்தவன் தன் பைக்குள் கையை விட்டுப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துக் காட்டினான். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு மறுபடியும் சிரித்தோம். இந்தமுறை எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தோம், சிலருக்குக் கண் கலங்கியும் இருந்தது. அந்த மலையில் மருந்துக்கும் ஒரு தென்னை இல்லை. ஆனாலும் திருவலையை அங்கே போட்டுவிட்டு வருவோம் என்று யாரும் சொல்லவில்லை. ஆள் மாறி ஆள் அதைச் சுமந்து உச்சிவரை ஏற்றி, பத்திரமாக இறக்கினோம்.

நான் திரும்பி வந்தபோது அக்கா வாசல் படலையடியில் நின்றார். மலை எப்படி, குளிர் எப்படி என்று ஒன்றும் கேட்காமல் பையை வாங்கி அடியைத் தடவிப் பார்த்தார். வந்த அலுப்பில் எனக்குக் கோபம் வந்தது. "அந்த மலையிலை தேங்காய் ஆர் அக்கா தாறது?" என்றேன்.

"தேங்காய் ஆரும் தருவினம். திருவலைக்குத்தான் பேச்சு வாங்கவேணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "போயிட்டுத் திரும்பி வாற பயணத்துக்கு என்ன அடுக்கிறதெண்டு எனக்குத் தெரியாதடா தம்பி" என்றார். என் கோபம் அந்தப் படலையடியிலேயே வடிந்துவிட்டது. என்னை அவர் சுற்றுலாவுக்கு அனுப்பவில்லை, வராமல் விடக்கூடிய ஓர் ஆளைத்தான் வழியனுப்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு எத்தனையோ மலை ஏறிவிட்டேன். முதுகுப்பைகள் கிழிந்து மாறின. அக்காவை ஒவ்வொரு முறையும் கூப்பிடுவேன். "வீட்டை ஆர் பாக்கிறது?" என்பதுதான் பதில். ஊர்ப்பிள்ளைகள் இப்போது ஆணும் பெண்ணுமாக முதுகுப்பையோடு பஸ் ஏறுகிறார்கள், யாரும் படலையடியில் நின்று அழுவதில்லை. அக்காவுக்கும் தலை வெளுத்துவிட்டது. என்ன நினைத்தாரோ, இந்த வருடம் நான் கேட்டவுடனே, "ஓம், வாறன். ஆனால் மெல்லமாத்தான் நடப்பன்" என்றார். நான் நம்பவேயில்லை.

போகிற அன்று காலை அவரைக் கூட்டிவரப் பழைய வீட்டுக்குப் போனேன். அவருடைய பை வாசலில் இருந்தது. தூக்கிப் பார்த்தேன், பஞ்சு மாதிரி இருந்தது. அடியில் கையை விட்டுத் தடவினேன். ஒரு கம்பளிச் சட்டை, துவாய், மருந்துப் பெட்டி, அவ்வளவுதான். வயது போய்விட்டது, மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அடுப்படிக்கு ஓடினேன். அந்தக் கட்டைப் பலகைத் திருவலை கழுவித் துடைத்தபடி தன் மூலையில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, "அக்கா, இதை விட்டிட்டியள்" என்றேன்.

அக்கா குனிந்து புதுச் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உது ஏன் அங்கை? பாதித் தேங்காய் பிரிட்ஜுக்குள்ளை கிடக்கு. வந்து திருவவேணும்."

நான் திருவலையைக் கொண்டுபோய் அது இருந்த இடத்திலேயே வைத்தேன்.