பால் கவரில் முளைத்த வெண்டை

எங்கள் தெரு ஒன்றுகூடி ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்தது என்றால், எனக்குத் தெரிந்து அது ஒரே ஒரு முறைதான். தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு வந்த தை மாதத்தில், தெருக்கோடியில் குப்பைமேடாகக் கிடந்த பொது மனையைத் திருத்தி, எல்லா வீட்டுக்குமாகச் சேர்த்து ஒரு காய்கறித் தோட்டம் போட்டோம். இன்றும் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருக்காரர்கள் நாலு பேர் கூடினால் அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசாமல் கலைய மாட்டார்கள். நான் மட்டும் ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவேன்.

எனக்கு அப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. புயலுக்குப் பிறகு பல நாட்கள் மின்சாரம் வரவில்லை. மின்சாரம் இல்லாததால் டிவி இல்லை. டிவி இல்லாததால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியவந்தது. தெருவில் வேலை செய்த ஒரே கைப்பம்பில் வரிசையில் நின்று தண்ணீர் அடித்த நாட்களில் பிறந்த ஒற்றுமை அது. காய்கறி கண்ணில் படுவதே அபூர்வமாக இருந்தது. எதிர்வீட்டு டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்த கையோடு, இப்படிப் புலம்பிக்கொண்டே இருப்பதற்கு நாமே பயிர் செய்தால் என்ன என்று கேட்டார். கேட்டவர் தலையில் வேலையைக் கட்டுவதுதான் வழக்கம். ஆனால் அன்று ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரி எல்லோரும் வந்துவிட்டார்கள்.

தலைமை ஏற்றவர் மூலை வீட்டு ரிடையர்டு சர்வேயர். அந்த மனையில் சீமைக்கருவேலமும் எருக்கும் மண்டிக் கிடந்தன. புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரம் ஒன்று குறுக்கே படுத்திருந்தது. அதற்குள்ளும் புகுந்து அவர் டேப்பை இழுத்து அளந்து, வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்து, எங்களைப் போன்ற பிள்ளைகளை வைத்துச் சீட்டுக் குலுக்கினார். பதினோரு விதிமுறைகள் எழுதி ஒட்டினார். பாத்திக்குள் செருப்புப் போடக் கூடாது என்பது முதல் விதி. மரம் எதுவும் வைக்கக் கூடாது, நிழல் விழும் என்பது ஒன்பதாவது விதி.

இந்த ஒன்பதாவது விதி விஷயமாகத்தான் பெரியப்பா அவரிடம் போய் நின்றார்.

பெரியப்பா என்றால் அப்பாவுக்கு மூத்த அண்ணன். காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருந்தார். தோப்புக்கு நடுவில் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம். அந்த மரம் வருஷத்துக்கு இரண்டு முறை காய்க்கும் என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. பலாக் காலம் முடிந்து எல்லா மரமும் சும்மா நிற்கும் மார்கழியிலும் அது நாலைந்து காய் பிடித்து நிற்கும். புயல் ஒரே காலைப்பொழுதில் முந்திரி அத்தனையையும் வேரோடு புரட்டிப் போட்டது. பலாவும் காயோடு சாய்ந்தது. வீட்டு ஓடுகள் எங்கே போயின என்றே தெரியவில்லை.

பெரியம்மா சிதம்பரத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா என்றால் பெரியப்பாவின் மகள். பெரியப்பா மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார். சிதம்பரம் போய்விட்டால் திரும்பி வர மனசு வராது, இங்கிருந்தால் நினைத்த நேரம் பஸ் ஏறி ஊருக்குப் போய்க்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அக்கா தினமும் போன் செய்து, இனிமேல் அங்கே என்ன இருக்கிறது, இங்கேயே வந்துவிடுங்கள் என்று அழைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஒரு கல்யாண மண்டபத்தில் மேற்பார்வை வேலைகூடப் பேசி வைத்திருந்தார். பெரியப்பா எல்லாவற்றுக்கும் பார்க்கலாம் என்ற ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். வீட்டில் அவர் இருந்ததே தெரியாது.

வரும்போது அவர் கொண்டுவந்தது ஒரு சாக்கு மட்டும். அதற்குள் சாய்ந்த மரத்திலிருந்து அறுத்த ஒரு பலாக்காய் இருந்தது. அது பொங்கல் சமயத்தில் எங்கள் வீட்டு மூலையில் பழுத்து மணத்தது. அறுத்துத் தெருவுக்கே சுளை கொடுத்தோம். கொட்டைகளைப் பெரியப்பா உட்கார்ந்து தரம் பிரித்தார். சின்னதையெல்லாம் அம்மாவிடம் கொடுத்தார். பருத்ததாக நாற்பதைத் தேர்ந்து ஒரு மண்சட்டியில் மணலுக்குள் புதைத்து, பின்பக்கம் துணி துவைக்கிற கல்லின் ஓரமாக வைத்துக்கொண்டார்.

அவர் அப்பாவிடமும் அம்மாவிடமும் மட்டும் ஒன்று சொல்லியிருந்தாராம். கொட்டை முளைத்தால் கன்று எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிப் போவார். முளைக்காவிட்டால் மகள் சொல்கிறபடி சிதம்பரம். அவ்வளவுதான், வேறு யோசனை எதுவும் அவரிடம் இல்லை. இது எனக்கு எவ்வளவோ வருஷம் கழித்துத் தெரிந்த விஷயம். உங்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

சர்வேயரிடம் பெரியப்பா கேட்டது மரம் வைக்க அல்ல. மதிலோரம் கொஞ்ச நாளைக்குக் கன்றுப் பைகளை வைத்துக்கொள்ள இடம். சர்வேயர் நெடுநேரம் யோசித்துவிட்டு, தற்காலிக அனுமதி என்று தன் நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பைகளுக்குப் பெரியப்பா வீடு வீடாகக் காலி பால் கவர் கேட்டார். வசூலித்து வந்தது நான்தான். பால் வாடை போகக் கழுவி, அடியில் ஊசியால் துளை போட்டு, செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பது கவர்கள் மதிலோரம் வரிசை கட்டி நின்றன. கத்தரி நாற்று விடப்போகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாத பெரியப்பா அந்த நாட்களில் சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அதைப் பார்த்து அப்பாவிடம் கண்ணைக் காட்டினாள்.

மூன்றாவது ஞாயிறு நெருப்பு வைக்கும் நாள். வெட்டிக் காயப்போட்ட முள்ளையும் சருகையும் கொளுத்தி, அந்தச் சாம்பலைப் பாத்திகளில் தூவிக் கொத்திவிட்டால் மாசி பிறந்ததும் விதைக்கலாம். கருவேல முள் நன்றாக எரிந்து தணல் விழுந்தது. தணலைக் கண்டால் பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்குமா? சர்வேயரின் பேத்தி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து தணலில் புதைத்தாள். வெந்ததும் தெருப் பிள்ளைகள் மொத்தமும் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் விள்ளல் விள்ளலாகப் பிய்த்து, யாருக்குப் பிரியமோ அவர்களுக்கு முதலில் கொடுத்தாள். எனக்குக் கடைசியில் தோலோடு ஒட்டிய ஒரு துண்டு வந்தது. அந்த எரிச்சலில் நானும் வீட்டுக்கு ஓடினேன்.

எங்கள் பக்கத்தில் பலாக்கொட்டையை மணலில் புதைத்து வைப்பது புதிதல்ல. காய்ந்து போகாமல் பல நாள் இருக்கும், வேண்டும்போது எடுத்துக் குழம்பில் போடலாம். அம்மாவும் தன் பங்கை அப்படித்தான் அடுப்பங்கரையில் ஒரு சட்டியில் வைத்திருந்தாள். அதில் கைவிட்டுப் பார்த்தேன், காலி. காணும் பொங்கலன்று வைத்த கத்தரிக்காய்க் குழம்போடு தீர்ந்துபோயிருந்தது. அப்போதுதான் பின்பக்கத்துச் சட்டி ஞாபகம் வந்தது.

மணலைக் கிளறினால் பருத்த கொட்டைகள். மணல் ஈரமாக இருந்தது. பெரியப்பா தினமும் காலையில் அதற்குத் தண்ணீர் தெளித்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாதிக்கு மேற்பட்ட கொட்டைகளின் நுனியில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. ஐயோ, ஈரத்தில் கெட ஆரம்பித்துவிட்டது, இன்றைக்கு விட்டால் வீணாகிவிடும் என்று நினைத்தேன். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அதற்கு முந்தைய மாதம்தான் பள்ளிக்கூட நோட்டில் முளைகட்டிய பயற்றை ஒட்டி, முளைவேர் என்று அம்புக்குறி போட்டுப் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன். நோட்டில் இருந்தது பாடம். சட்டியில் இருந்தது தின்பண்டம்.

பாவாடையில் வாரிக் கட்டிக்கொண்டு ஓடினேன். சுடும்போது வெடித்துத் தெறிக்கும் என்று ஒவ்வொன்றையும் கல்லில் வைத்து லேசாகத் தட்டினேன். வெள்ளை நுனிகளை நகத்தால் கிள்ளி எறிந்தேன். பிறகு தணலைச் சீய்த்து நாற்பதையும் புதைத்தேன். வாசனை எழும்பியதும் கிழங்குக்காரியை விட்டுவிட்டு எல்லோரும் என்னிடம் வந்தார்கள். நான் யாரையும் காக்க வைக்கவில்லை. கிழங்குக்காரிக்கே மூன்று கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் பொய்யில்லை. அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாக வலிக்கிறது.

இருந்ததிலேயே பெரியதை மட்டும் பெரியப்பாவுக்கு என்று கையில் வைத்திருந்தேன். அவர் தள்ளி ஒரு பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தார். கூப்பிட்டு நீட்டினேன். மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வந்தவர் என் உள்ளங்கையைப் பார்த்தார்.

"எங்கருந்து எடுத்த பாப்பா?"

"பின்னால சட்டியில இருந்துச்சு பெரியப்பா. கெட்டுப்போற மாரி இருந்துச்சு. அதான் எடுத்தாந்துட்டேன்."

அவர் கை மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு கொட்டையை வாங்கித் தோலை உரித்தார். சூடு ஆறாத அதை அப்படியே வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"பதமா சுட்டிருக்க," என்றார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் டீச்சர் எல்லோருக்கும் விதை பங்கிட்டபோது பெரியப்பா ஒரு கை வெண்டை விதை வாங்கினார். மாசி பிறக்கட்டும் என்று சர்வேயர் தடுத்ததற்கு, கவரில்தானே போடுகிறேன் என்றார். கவர் சும்மா கிடக்க வேண்டாம் பாப்பா, வா என்று என்னையும் கூப்பிட்டார். அவர் விரலால் குழி போட, நான் கவருக்கு இரண்டு விதையாகப் போட்டுக்கொண்டே வந்தேன். நாற்பதாவது கவரை மூடியதும் அவர் மதிலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். களைப்பு என்று நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமை அவர் சிதம்பரத்துக்குக் கிளம்பினார். பலாக்காய் கொண்டுவந்த அதே சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். பெரியம்மா தனியாக இருக்கிறார், அதனால் போகிறார் என்று எனக்குச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டில் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பெரியப்பா என்னிடம், வெண்டைக்குக் காலையில் தண்ணீர் ஊற்று என்று மட்டும் சொன்னார். ஊற்றினேன். ஒரு நாள் தவறவில்லை. இரண்டு இலை விட்டதும் கவரைக் கிழித்து எங்கள் பாத்தியில் வைத்தோம். தெருவிலேயே எங்கள் வெண்டைதான் முதலில் காய்த்தது. சர்வேயர் எனக்கு ஒரு பேனா பரிசு கொடுத்தார்.

அடுத்த வருஷம் அந்த மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பெரியப்பா வெள்ளைச் சட்டையில், கழுத்தில் அடையாள அட்டையோடு, பந்திக்கு ஆள் ஏவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்து, முன்வரிசையில் உட்கார வைத்துச் சாப்பாடு போடச் சொன்னார். தோப்பு கருவேலம் மண்டிக் கிடப்பதாக அப்பா அவரிடம் சொன்னார். அதற்கும் பார்க்கலாம் என்றுதான் பதில் வந்தது. அவர் கடைசிவரை பார்க்கப் போகவில்லை.

நான் கல்லூரியில் படிக்கும்போது அவர் இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குக் காய் நறுக்க உட்கார்ந்த இடத்தில்தான் அம்மா சொன்னாள். கன்றுக்கு வைத்த கொட்டைகள் அவை. சனிக்கிழமை முளை கண்டதைப் பார்த்துவிட்டு, ஞாயிறு சாயங்காலம் கவரில் வைத்துவிடலாம் என்று பெரியப்பா சின்னப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"அன்னிக்கு உன்னய வெளுத்திருப்பேன். மாமாதான் குறுக்க வந்து, புள்ளகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு," என்றாள். "கொட்டையில வர்ற கன்னு தாய்மரம் மாரியே காய்க்கும்னு என்னா நிச்சயம், விடும்மான்னாரு."

அம்மா பெரியப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம் நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. தணலருகே, அந்தக் கொட்டையை மென்று விழுங்கிய பிறகு, பெரியப்பா என் தலையில் கைவைத்து ஒன்று கேட்டார்.

"ஒண்ணுகூட மிச்சம் இல்லியா பாப்பா?"

எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்ததா என்றுதான் கேட்கிறார் என நினைத்தேன். பாவாடையை உதறிக் காட்டினேன்.

"இல்ல பெரியப்பா. ஒண்ணக்கூட விடல, எல்லாத்தயும் சுட்டுட்டேன்," என்றேன், அவர் மெச்சிக்கொள்வார் என்று.