படுத்தால் கூடிய வலி

ஒரு திங்கட்கிழமை காலை, குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. ஊரப்பாக்கம் விடுதி அறையில் சுவரைப் பிடித்து நின்றபடி, கால்விரலால் துழாவி மாட்டிக்கொண்டேன். தெருமுனை வரை நடந்ததும் இடுப்பு இளகத் தொடங்கியது. ரயிலேறி அலுவலகம் சேர்ந்தபோது வலி இருந்ததே மறந்துபோனது. அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு.

மறந்துபோகிற வலியை நோய் என்று யார் நினைப்பார்கள்? எங்கள் வீட்டில் முதுகு வலிக்காதவர் இல்லை. அப்பா செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டி லாரியில் ஏற்றுகிறவர். அம்மா வேர்க்கடலை பிடுங்கப் போகிறவர். அவர்களுக்கு வலிக்கக் காரணம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் நான் எந்த முகத்தோடு வலி என்பது? எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படிப்பு உடம்பைக் கெடுத்துவிட்டது என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது.

இரண்டு வருடம் தைலத்திலும் இடுப்புப் பட்டையிலும் போனது. விடுமுறையில் ஊருக்குப் போனால் அம்மாவோடு கொல்லைக்குப் போய்க் கடலை பிடுங்குவேன். வெயில் ஏறுவதற்குள் வலி போயிருக்கும். அம்மா சிரித்தார். "கொல்லையில குனிஞ்சா ஓடிப்பூடுது, ஆபீசுல குந்தினா வந்துடுது. நாற்காலி வலிடி இது."

அப்பா சிரிக்கவில்லை. "வேலய வுட்டுட்டு வூட்டுக்கு வந்துடு பாப்பா" என்றார். சாட்சி முழுக்க அவர் பக்கம் இருந்தது. அதன்பின் வலியை இன்னும் கவனமாக மறைத்தேன்.

ஒருமுறை, வழியெல்லாம் உட்கார்ந்தே வந்து, செய்யூரில் பேருந்துப் படியிலிருந்து இறங்க முடியாமல் நின்றேன். அழைத்துப்போக வந்த அப்பா கைகொடுத்து இறக்கினார். அந்த வாரமே கூலியை விட்டுவிட்டு என்னைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துவந்தார். வரிசையில் நிற்கும்போது அவரிடம் சொன்னேன்: "நீ ஒண்ணும் பேசாதப்பா, நான் பேசிக்கிறேன்." அறிகுறிகளை அழகாக ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்.

மருத்துவர், ஓய்வெடுத்தால் குறைகிறதா என்று கேட்டார். ஓய்வெடுத்தால் வலி குறையத்தானே வேண்டும்? பரீட்சையில் விடை தெரிந்தவளைப் போல, குறையும் என்றேன். அவர் மாத்திரை எழுதத் தொடங்கினார்.

பின்னால் நின்ற அப்பா தொண்டையைச் செருமினார். "இல்ல மேடம். எங்க வலி படுத்தா வுட்டுடும். இவளுது படுத்தாதான் புடிக்குது. வூட்டுக்கு வந்து ஞாயித்துக்கெழம பூரா படுத்துகினு இருந்தா திங்கக்கெழம கட்ட மாதிரி கீறா. நடக்கவுட்டா சரியாயிடுறா."

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு அவரிடம் கேட்டார்: "காலையில வலி சரியாக எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாஸ்தா துன்ற வரைக்கும். ஒரு மணி நேரம்."

அவர் கணக்கு வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை. எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தால் உடலின் உட்பகுதியைப் படமெடுப்பது) முதுகெலும்பு இடுப்போடு சேரும் மூட்டுகளில் அழற்சியைக் காட்டியது. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கி, கவனிக்காமல் விட்டால் அவற்றை ஒட்டிப்போகச் செய்யக்கூடிய நீண்டகால நோய்) என்றார்கள்.

உழைத்த உடம்பின் வலி உழைப்போடு வந்து ஓய்வோடு போகும். இந்த வலி ஓய்வோடு வந்து நடமாட்டத்தோடு போகிறது. இளவயதில் தொடங்கி மூன்று மாதம் தாண்டியும் உங்களுக்கு இப்படி இருந்தால், சோம்பல் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் போங்கள். போகும்போது, நீங்கள் எழுந்திருப்பதைப் பார்த்திருக்கிற ஒருவரை உடன் அழைத்துப்போங்கள். அவரைப் பேசவும் விடுங்கள்.

நோய் இதுதான் என்று தெரிந்த அன்று அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வேலய வுட்டுடணுமா மேடம்?" நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேண்டாம் என்றார் மருத்துவர். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், தினமும் உடற்பயிற்சி செய்ய வேண்டும், மருந்தை நிறுத்தக் கூடாது. வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "பாவம், நாற்காலி மேல அநியாயமா பழி போட்டுட்டோம்."

ஒரு வருடம் ஆகிறது. நோய் போகவில்லை, அடங்கியிருக்கிறது. கண் விழிப்பதும் நாள் தொடங்குவதும் எனக்கு இப்போது ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே, மெல்ல உடம்பை நீட்டி மடக்கியபடி, என் முதுகு எனக்குத் திரும்பக் கிடைப்பதற்காகக் காத்திருக்கிறேன். அந்நேரத்தில் அப்பா போன் செய்வார். "இன்னிக்கி எவ்ளோ நேரம்?" பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடம்.

நேற்று, நாற்பது ஆகும் போலிருக்கிறது என்றேன்.

"சரி" என்றார். "அடுத்த ரயிலுக்குப் போ."