மெயிலில் வந்த மழை

குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கதவில் கணினிப் பிரிவு என்று எழுதியிருக்கும். உள்ளே நான் ஒருத்திதான். கம்பெனியின் கணினிகள் எல்லாம் என் பொறுப்பு. மொத்தம் எத்தனை என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் சொல்வேன்.

தணிக்கைக்கு வந்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டதும், பொது மேலாளர் ஒரு மென்பொருள் வாங்கிக் கொடுத்தார். கம்பெனி நெட்வொர்க்கில் இருக்கிற கணினிகளைத் தானே கண்டுபிடித்து, சொத்துப் பதிவேட்டிலும் அது தானே ஏற்றிவிடும். இனி நான் மஞ்சூர் எஸ்டேட்டுக்கு பஸ் ஏறிப் போய், ஃபேக்டரி மேசைக்கு அடியில் குனிந்து நம்பர் குறிக்க வேண்டாம். அந்த மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவளுக்கு அதுவே பெரிய சம்பள உயர்வு. அந்த வருடம் வேறு உயர்வு எதுவும் வரவில்லை.

முதல் நாளே அது எங்கள் பெரிய சர்வருக்குள் எட்டிப் பார்த்து, உள்ளே ஓடிக்கொண்டிருந்த விர்ச்சுவல் மெஷின்களை ஒன்றுவிடாமல் பதிவேட்டில் சேர்த்தது. ஒரே பெட்டிக்குள் தனித்தனிக் கணினிகள்போல வேலை செய்கிறவை அவை. தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடையாது. இதை ஸ்டோர்ஸ் ஆபீசருக்கு விளக்குவதில் ஒரு காலை போயிற்று.

"ஏனுங்க மேடம், பதிவேட்டுல இருக்குதுன்னா சாமான் இருக்கோணும். சாமானுக்கு ஸ்டிக்கர் ஒட்டோணும். எங்க ஒட்டறதுங்க?"

"அதுக்கு உடம்பு கெடையாதுங்க சார்."

"உடம்பில்லாததுக்கு நான் எப்படீங்க கையெழுத்துப் போடறது?"

கடைசியில் எல்லா ஸ்டிக்கர்களையும் அந்த ஒரே சர்வரின் முகத்தில் ஒட்டிவிட்டுத் திருப்தியாகப் போனார். காற்றுத் துளைகளை அடைத்தவற்றை மட்டும் பிறகு உரித்தேன்.

அகப்பட்ட மெஷின்களில் ஒன்றின் பெயர் 'டெஸ்ட் டூ'. பொறுப்பாளர் யார் என்ற இடம் காலியாக இருந்தது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். போன் போட்டுக் கேட்டேன்.

"அட, அது இன்னுமா ஓடுது? சும்மா சோதிச்சுப் பாக்கறக்குப் போட்டதுங்க. நிறுத்திருங்க," என்றார்.

யாருக்காவது அது தேவையா என்று அதிகாரிகள் எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. அழிக்க மனம் வராமல் நிறுத்தி மட்டும் வைத்தேன். வேண்டியவர்கள் கத்துவார்கள், அப்போது மறுபடி ஓட விடலாம் என்பது எங்கள் தொழிலின் வழக்கம். யாரும் கத்தவில்லை. வேண்டாத சொத்தைக் கண்டுபிடித்ததற்காகப் பொது மேலாளர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்.

அடுத்த வாரம் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஸ்வெட்டர், மப்ளர், சொட்டும் குடை. எங்கள் கம்பெனியில் எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று, இதே ஊரில் பெட்ஃபோர்டு பக்கம் குடியிருப்பவர். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை.

"கம்ப்யூட்டரெல்லாம் பாக்கறது நீங்கதானுங்களா? நாலஞ்சு நாளா மழை வரலீங்க."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"இந்த மழை இல்லீங்க. மெயில்ல வர்ற மழை."

போனை எடுத்துக் காட்டினார். முந்தின நாள் எந்த எஸ்டேட்டில் எவ்வளவு மழை, எவ்வளவு பச்சை இலை பறிப்பு என்று தினமும் காலையில் ஒரு மெயில். அனுப்பியது டெஸ்ட் டூ. வேலையில் இருந்தபோது அவர்தான் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார். ஓய்வு பெற்றபோது மெயில் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதே மெயில் எங்கள் அதிகாரிகள் அத்தனை பேருக்கும் போய்க்கொண்டிருந்தது. திறந்து படித்தவர் இவர் ஒருவர்தான்.

"ரிட்டயர் ஆனப்பறமும் எதுக்குங்க சார்?"

"காலைல காப்பி குடிக்கறப்ப என்ற சம்சாரத்துக்குப் படிச்சுக் காட்டுவேனுங்க. மஞ்சூர்ல நல்ல மழைன்னா அவளுக்கு ஒரு சந்தோசம். கொழந்தைக ரெண்டும் பொறந்தது அங்கதானுங்க. இப்ப, ஏன் படிக்கலைன்னு தெனமும் கேக்கறா."

அவரை உட்காரவைத்துவிட்டுப் பொது மேலாளரிடம் போனேன்.

"கம்பெனிக் கணக்கு வெளியாளுக்குப் போகுதா?" என்று அதிர்ந்தார்.

"உங்களுக்கும் தெனமும் வந்துட்டுதான் இருந்துச்சுங்க சார்."

போனில் தேடினார். திறக்காத மெயில்கள் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. சிறிது நேரம் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அவருக்கு மழை மட்டும் அனுப்புங்க. எலைக் கணக்கு ரகசியம்," என்றார்.

அன்றைக்கே டெஸ்ட் டூவை ஓட விட்டேன். அதற்குப் பொறுப்பேற்க எந்த அதிகாரியும் முன்வரவில்லை. காலியாக விட்டால் மென்பொருள் தினமும் எச்சரிக்கும் என்பதால் என் பெயரையே போட்டேன்.

மறுநாள் காலையில் பெரியவர் போன் செய்தார்.

"மழை வந்துருச்சுங்க, ரொம்ப நன்றி. எலைக் கணக்கை மட்டும் காணோமே?"

"அதை வெளிய அனுப்பக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க சார்."

"அப்படீங்களா?" என்றவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "பரவால்லீங்க. மழை தெரிஞ்சாப் போதும். எலை எவ்வளவு வரும்னு நாங்க ரெண்டு பேருமே கணக்குப் போட்டுக்கறமுங்க."