பட்டியலில் இல்லாத கம்பெனிகள்

என் வீட்டுக்காரருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'கட்டம்'. பொருத்தமான பெயர்தான். கல்லூரியில் பொருளாதாரம் நடத்திவிட்டு வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். எக்செல் கட்டத்தில் ஒரு கம்பெனியின் பெயரைத் தட்டுவார். ஏதோ ஒரு இணையதளத்திலிருந்து அதன் பங்கு விலை, வருஷக்கணக்கில், மளமளவென்று வந்து நிரம்பும். "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கத்துவார். எங்கள் மகள் பிறந்தபோதுகூட மனுஷன் இப்படிக் கத்தியதில்லை.

போன வருஷம் சின்னக் கம்பெனிகளைப் பற்றி ஆராய்ச்சி. முப்பது வருஷத்து விலைகளை இறக்கிச் சராசரி போட்டார். வரைபடத்தில் கோடு விறுவிறுவென்று ஏறியது. கருத்தரங்கில் கட்டுரை படிக்கச் சொல்லி அழைப்பும் வந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல், எங்களோடு இருக்கும் என் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க மாமா! அப்போ கண்ணை மூடிக்கிட்டு எந்தச் சின்னக் கம்பெனியில போட்டிருந்தாலும் இன்னிக்கு ராஜாதான்!"

முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்பாவும் அப்படிப் பணம் போட்டவர்தான். ஒரு சின்னப் பெயின்ட் கம்பெனியில், சேமிப்பு மொத்தத்தையும். கம்பெனி மூழ்கியது. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் அவரைத்தான் வைத்துச் சிரிப்பார்கள்.

"எனக்குத்தான் அறிவில்லாம போச்சு, மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "ஏங்க, உங்களுக்கு ஏதாவது இருக்கா? யார்கிட்ட போய் என்ன பேசுறீங்க?"

திருதிருவென்று முழித்தார். பிறகு, அப்பா பணம் போட்ட கம்பெனி என்னதான் ஆயிற்று என்று பார்க்க அதன் பெயரைத் தட்டினார். வரவில்லை. மூடிப்போன இன்னொரு கம்பெனியைத் தட்டினார். அதுவும் இல்லை. தலையில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! இன்னிக்கு உயிரோட இருக்கிற கம்பெனிங்களை மட்டும்தான் இந்த சைட்ல வச்சிருக்கான். செத்ததையெல்லாம் விட்டுட்டுச் சராசரி போட்டிருக்கேன். கோடு ஏறாம என்ன செய்யும்?"

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. நூலகம் நூலகமாக அலைந்து, பழைய விலைப் பட்டியல்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றாக ஏற்றினார். விலை இருக்கவேண்டிய கட்டத்தில் தேதி வந்து உட்கார்ந்திருக்கும். திட்டிக்கொண்டே சரிசெய்வார். "நல்லா வந்த ரிசல்ட்டை எதுக்குய்யா கெடுக்கிறீங்க?" என்றாராம் துறைத் தலைவர். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோடு சரிந்து சரிந்து, கடைசியில் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. 'என் முடிவு தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்' என்று கருத்தரங்குக்கு எழுதிப் போட்டுவிட்டு, அப்பாவைக் கையைப் பிடித்துக் கணினி முன்னால் கூட்டிவந்தார்.

மூடிப்போன கம்பெனிகளுக்கெல்லாம் மஞ்சள் அடித்திருந்தார். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"அட, இந்த சைக்கிள் கம்பெனியும் போயிடுச்சா? எங்க மேனேஜர் இதுலதானே போட்டாரு! வாய் கிழியப் பேசுவாரே!"

அதற்குக் கீழே அவருடைய பெயின்ட் கம்பெனி. அதன்மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

"அப்போ... நான் மட்டும் இல்லையா, மாப்பிள்ளை?"

"பாதிக்குப் பாதி போயிருக்கு மாமா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

இந்த மனுஷனை எவ்வளவு திட்டினாலும், இவரைப் போல இன்னொருத்தர் எனக்குக் கிடைக்கமாட்டார்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் கீழ இறக்குங்க மாப்பிள்ளை. எல்லாரையும் ஒரு தடவை பாத்துடுறேன்."